ஆற்றுக்குச் சொந்தமான இடம்

துரை அண்ணனும் தனம் அக்காவும் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவிக்குக் கிளம்பியபோது அண்ணனுக்கு அறுபத்து நான்கு வயது, அக்காவுக்கு அறுபத்தொன்று. அதுவரை இருவரும் விமானத்தில் ஏறியதே இல்லை. பெங்களூரில் இருக்கும் மகள் ஜான்சி வீட்டுக்குப் போவதென்றாலும் ரயில்தான், கையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு.

நான் கிறிஸ்டி. அஸ்தினாபுரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறேன். பள்ளிக்கூட டீச்சர் வேலை போக, எங்கள் கிறிஸ்தவ சபையின் மாத இதழைப் பன்னிரண்டு வருடம் தொகுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊழியத்திலிருந்து அனுப்பிய படங்களும் குரல் செய்திகளும் முதலில் என் போனுக்குத்தான் வரும். நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது வரும் இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

துரை அண்ணன் அனகாபுத்தூர்க்காரர். அடிபம்பு மெக்கானிக்காக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். பல்லாவரத்திலிருந்து முடிச்சூர் வரை எந்தத் தெருவில் எத்தனை அடியில் தண்ணீர், எங்கே உப்பு, எங்கே சாக்கடை ஊறி வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாராவது வீடு கட்டும்போது போர் போட இடம் கேட்டால், எலுமிச்சம்பழம், தேங்காய் எதுவும் வைத்துப் பார்க்கமாட்டார். சுற்றி நடந்து, பக்கத்து வீட்டுக் கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பார். "தண்ணி எங்க வேணா கெடைக்கும்மா. அது இன்னாத்துக்குப் பக்கத்துல கீதுன்னு பாக்கணும்" என்பார். இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

தனம் அக்கா அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, கை சுறுசுறுப்பு. எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அக்கா வந்து கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் டாக்டர்.

ஊழியத்துக்குப் போகச் சொல்லி அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. எங்கள் பாஸ்டர் பிரிட்டோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தம்பதிகளை இரண்டு வருட ஊழியத்துக்கு வெளிநாடு அனுப்பப் போவதாகச் சொன்னார். சபை சேர்ந்திருந்த ஒரு சிறிய மிஷனரிச் சங்கத்தின் ஏற்பாடு அது. நர்ஸும் தண்ணீர் வேலை தெரிந்தவரும் வேண்டும் என்றார். ஆராதனை முடிந்து வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் அக்காவைப் பார்த்து, "நம்மளத்தான் கூப்புடறாரு போல கீதே" என்றார். அக்கா தன் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாஸ்போர்ட் எடுக்கணும்" என்றார். முடிவு அவ்வளவு சுலபமாக எடுக்கப்பட்டது.

ஜான்சி மட்டும் போனில் அழுதாள். "இந்த வயசுல எதுக்கும்மா? ஒடம்புக்கு ஏதாவது ஆனா அங்க யாரு பாப்பா?" அக்கா சொன்னது: "நான்தான் பாப்பேன். முப்பது வருஷமா வேற இன்னா பண்ணேன்?"

2022 ஆகஸ்டில் கிளம்பினார்கள். மும்பை, பிறகு அடிஸ் அபாபா, பிறகு மலாவியில் புலாண்டயர். அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம், கடைசியாக ஒரு சின்ன லாரியின் பின்பக்கத்தில் மக்காச்சோள மூட்டைகள்மேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம். அப்படித்தான் நசோம்பா என்ற அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலையடிவாரம். கிழக்கே ஒரு சிற்றாறு. அதை ஒட்டிய தாழ்வான வெளியில் தகரக் கூரை போட்ட சர்ச், அதன் பின்னால் இரண்டு அறை வீடு.

முதல் மூன்று மாதச் செய்திகளைக் கேட்டால் இவர்கள் இவ்வளவு சிரிப்பார்களா என்று தோன்றும். பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபத்தாறு பேரும் ஒரு ஆடும் போன கதை. சந்தையில் காய்ந்த சின்ன மீன் வாசனை வந்ததும் அண்ணன் தாம்பரம் மார்க்கெட்டில் நிற்பதாகவே நினைத்து, "நெத்திலி கிலோ எவ்ளோ?" என்று தமிழில் கேட்டுவிட்ட கதை. கிராமம் கிராமமாகப் போக அங்கே சைக்கிள்தான் வாடகை வண்டி. பின்சீட்டில் மெத்தை கட்டியிருப்பார்கள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை மடியில் வைத்தபடி உட்கார்ந்து போகும் படம் ஒன்று வந்தது. அதை இதழின் அட்டையில் போட்டேன். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிப் போன ஒரு பயணத்தைப் பற்றி அக்கா சொன்னார்: "ஊட்டி மாதிரியே இருக்குது கிறிஸ்டி. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகாத மனுஷன், இங்க கூட்டிட்டு வந்துட்டாரு."

அவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருந்தவள் லவ்னெஸ். முப்பது வயது இருக்கும். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவள், கணவன் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பாதவன். அக்கா நோயாளிகளைப் பார்க்கும்போது அவள்தான் கூட நின்று மொழிபெயர்ப்பாள். அவளுடைய எட்டு வயது மகள் தியாமிகே பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். அங்கே பெரிய பெண்களை எல்லோரும் 'அமாயி' என்று கூப்பிடுவார்கள். அக்காவுக்கு அது அம்மாய் என்று, பாட்டி என்று கேட்டது. "என்னை அம்மாய்னு கூப்புடறா" என்று பெருமையாகச் சொன்னார்.

ஊருக்குத் தண்ணீர் நாலு கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு கிராமத்துப் பம்பில். இல்லையென்றால் ஆற்றில் ஊற்று தோண்டி எடுக்க வேண்டும். ஆகவே கிணறு தோண்டிப் பம்பு வைப்பதுதான் அண்ணனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை.

அவர் வழக்கம்போல மூன்று நாள் சுற்றி நடந்தார். மேட்டில், மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஓர் இடத்தைக் குறித்தார். அங்கே எழுபது எண்பது அடி போக வேண்டும், நடுவில் பாறை, மிஷின் வரவழைக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும். சர்ச்சுக்குப் பக்கத்தில் தாழ்வான இடத்திலோ இருபது அடியில் தண்ணீர். மண் மெத்தென்று இருந்தது, ஆள் வைத்தே தோண்டிவிடலாம்.

தாழ்வான இடத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊர்த் தலைவி வந்து நின்றாள். வயதான அந்த அம்மாள் சொன்னதை லவ்னெஸ் மொழிபெயர்த்தாள்: "இது ஆத்துக்குச் சொந்தமான இடம்னு சொல்றாங்க. ஆறு பல வருஷம் வராது. ஆனா தன் இடத்தை மறக்காதாம்."

அண்ணனுக்கு அது புரியாமல் இல்லை. அங்கே நின்ற மாமரத்தின் அடிப்பாகத்தில் இடுப்பு உயரத்துக்குப் பழைய சேற்றுக் கோடு இருந்ததை அவரே பார்த்தார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அனகாபுத்தூருக்குள் வந்தபோது அவருடைய தம்பி வீட்டுச் சுவரில் அதே மாதிரிக் கோடு விழுந்தது. அப்போது மூழ்கிய அடிபம்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சாக்கடைத் தண்ணீரை இறைத்து, குளோரின் போட்டுச் சுத்தம் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

பாஸ்டருக்குப் போன் செய்து மேட்டு இடத்தைப் பற்றிச் சொன்னார். ஆனால் நவம்பரில் பிரதிஷ்டைக்காகப் பாஸ்டரும், கிணற்றுக்குக் காணிக்கை கொடுத்த குடும்பத்தில் மூன்று பேரும் வருவதாக டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"அண்ணா, சர்ச் பக்கத்துலயே இருந்தா ஜனங்க தண்ணிக்கு வரும்போது வசனமும் கேப்பாங்க இல்லையா?" என்றார் பாஸ்டர். "ரெண்டு மாசம் டிலே ஆனா அந்த ஃபேமிலி ஃபீல் பண்ணுவாங்க. நீங்க எக்ஸ்பெர்ட். நீங்க சொல்றதுதான். ஆனா முடியுமான்னு பாருங்களேன்."

அண்ணன், "சரி பாஸ்டர், போட்டுடலாம்" என்றார்.

இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். "யாரும் என் கழுத்தப் புடிக்கல கிறிஸ்டிம்மா. பாஸ்டரு கேட்டாரு, நான் சரின்னேன். மழ வந்தாக்கா தெறந்து கிளீன் பண்ணிக்கலாம், நான்தான் இங்க கீறேனேன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

நவம்பரில் ரிப்பன் வெட்டினார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எங்கள் சபையின் பெயர் பொறித்த கல் வைத்தார்கள். தியாமிகேதான் முதலில் பம்பு அடித்தாள். அவளுக்குக் கைப்பிடி எட்டவில்லை. தொங்கித் தொங்கி அடித்தாள். தண்ணீர் கொட்டியதும் பெண்கள் குலவையிட்டுக்கொண்டு ஆடினார்கள். அந்த வீடியோவை எங்கள் சபையில் பெரிய திரையில் போட்டோம். நானும் அழுதேன்.

மார்ச்சில் புயல் வந்தது. அங்கே ஆறு நாள் விடாமல் மழை. மலையிலிருந்து பாறையும் சேறும் உருண்டு வந்து மேற்கே ஒரு கிராமத்தையே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து சர்ச்சின் ஜன்னல்வரை நின்றது. ஊர்க்காரர்கள் அண்ணனையும் அக்காவையும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். அவர்களுடைய பைகளை லவ்னெஸ் தலையில் சுமந்து வந்தாள். இங்கே எங்களுக்குப் பதினோரு நாள் எந்தச் செய்தியும் இல்லை. ஜான்சி பெங்களூரிலிருந்து வந்து, பாஸ்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலாம் நாளே அண்ணனுக்குக் குளிர் காய்ச்சல். பள்ளிக்கூடத்துத் தரையில் சுயநினைவு இல்லாமல் கிடந்தார். மலேரியா. அக்கா தன்னிடம் இருந்த மாத்திரையைக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார். அந்த நாட்களில்தான் வெள்ளம் வடிந்தது. பள்ளிக்கூடத்தில் அடைந்திருந்தவர்கள் கீழே இறங்கிப் பார்த்தார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த பம்புக்குப் போகும் பாதை அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆறு முழுக்கச் சேறும் செத்த மாடும். சர்ச் பக்கத்துப் பம்பு மட்டும் நின்றுகொண்டிருந்தது. அடித்தார்கள், தண்ணீர் வந்தது. பார்க்கத் தெளிவாகவும் இருந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அக்கா தன் புருஷன் பக்கத்திலேயே இருந்தார். கிணற்றைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லை. "அது அவரு வேலைன்னு இருந்துட்டேன் கிறிஸ்டி" என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை.

அந்தத் தண்ணீரை எடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு கிழவருக்குக் கழிச்சல் ஆரம்பித்தது. அரிசி கழுவிய நீர்போல் போனதைப் பார்த்ததும் அக்காவுக்கு என்னவென்று புரிந்துவிட்டது. காலரா. அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர். மறுநாள் பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளும் நிறைந்துவிட்டன. அக்காவிடம் இருந்தது பதினான்கு பாட்டில் சலைன். அதற்குப் பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகெல்லாம் நனைந்து கிடந்தது. பெஞ்சுகளை உடைத்து எரித்தார்கள். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து சேர ஆறு நாள் ஆனது. பாலங்களே இல்லாத வழியில், மருந்துப் பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே வந்தார்கள்.

அக்கா ஒவ்வொருவரிடமும் லவ்னெஸ் மூலமாகக் கேட்டார்: எங்கே தண்ணீர் எடுத்தீர்கள்? ஒரே பதில்தான் வந்தது. நோய் தொடங்கிய இரண்டாம் நாள் மத்தியானம், காய்ச்சல் தெளிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கெணத்துத் தண்ணிதாங்க" என்றார்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கெணறு?"

"நம்ம கெணறு."

அவர் எழுந்தார். நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்பானர் பையைத் தேடி எடுத்தார். மேட்டிலிருந்து கீழே இறங்க அரைமணி நேரம் ஆயிற்று. பம்படியில் பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். அவர் வருவதைப் பார்த்ததும் வழிவிட்டுக் கும்பிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த மனுஷன் பிழைத்து வந்துவிட்டார் என்ற சந்தோஷம் அவர்களுக்கு. அவர்கள் முன்னால் அவர் கைப்பிடியைக் கழற்றினார். தலைப்பகுதியைக் கழற்றினார். உள்ளே இருந்த ராடை இழுத்து வெளியே போட்டார். "மட்ஸி, மட்ஸி" என்று தண்ணீருக்கான அவர்கள் சொல்லைச் சொல்லி, கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அவர்களுக்குக் கோபம் வந்தது. ஒருத்தி வாளியைத் தூக்கி எறிந்தாள். அவள் கத்தியதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. தண்ணீருக்குப் பிறகு எங்கேதான் போவது என்றுதான் கேட்டிருப்பாள்.

அவர் மேலே திரும்பி வந்தபோது தியாமிகேயைக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். சலைன் தீர்ந்து போயிருந்தது. அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூனால் உப்புத் தண்ணீரை ஊட்டிக்கொண்டே இருந்தார். குடிப்பாள், வாந்தி எடுப்பாள், மறுபடி குடிப்பாள். கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் கிழவி விரல்போலச் சுருங்கிவிட்டது. விடிந்து, பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்குப் போய்விட்டாள்.

லவ்னெஸ் தன் மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அடுத்த நோயாளி சொல்வதை அக்காவுக்கு மொழிபெயர்க்க வந்து நின்றாள். அக்காவின் தோளைத் தொட்டு, "பெபானி, அமாயி" என்றாள். மன்னிக்கவும் என்பதற்கும் வருத்தப்படாதே என்பதற்கும் அங்கே அதே சொல்தான். மகளைப் பறிகொடுத்தவள் அதைச் சொன்னாள். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

மொத்தம் பத்தொன்பது பேர் போனார்கள். ஏழு குழந்தைகள்.

ஏப்ரல் தொடக்கத்தில் அண்ணனிடமிருந்து எனக்குப் பதினொரு நிமிடக் குரல் செய்தி வந்தது. இதுவரை நான் எழுதியதில் பாதி அதில் இருந்தது. மேட்டு இடம், மாமரத்துக் கோடு, ஊர்த் தலைவி சொன்னது, அவர் சொன்ன 'சரி', பத்தொன்பது பேரின் பெயர்கள். பெயர்களை மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல் சொல்லியிருந்தார். முடிவில், "இத்த அப்டியே நம்ம புக்குல போட்டுடும்மா. மாத்தாத" என்றார்.

நான் பாஸ்டரிடம் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியிலேயே அழுதுவிட்டார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சிஸ்டர், இதைப் போட்டா யாருக்குப் பிரயோஜனம்? செத்தவங்க வரமாட்டாங்க. அண்ணன்தான் ஒடைஞ்சு போவாரு. அடுத்த தடவை ஊழியத்துக்கு யார் போவாங்க?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மே மாத இதழில் நான் எழுதியது இதுதான்: 'கொள்ளைநோய்க் காலத்திலும் நம் சகோதரரும் சகோதரியும் இரவும் பகலும் உழைத்து அநேக உயிர்களைக் காத்தார்கள்.' அதில் பொய் இல்லை. அக்காவின் கையால் பிழைத்தவர்கள் எண்பது பேருக்கு மேல். ஆனாலும் அது என் கையால் எழுதப்பட்டது.

ஜூனில் சங்கம் அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. விமான நிலையத்தில் மாலையோடு முப்பது பேர் நின்றோம். அண்ணன் பாதியாகியிருந்தார். மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. இருவருக்கும் சால்வை. சாட்சி சொல்லும்படி அண்ணனிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார்.

"அந்தக் கெணத்த நான் தப்பான எடத்துல போட்டேன்" என்று ஆரம்பித்தார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான்..."

சபையில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். இவர் தாழ்மையாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். பாஸ்டர் பக்கத்தில் வந்து அவர் தோளில் கைபோட்டு, "அண்ணன் ரொம்ப எமோஷனலா இருக்காரு" என்றார். கீபோர்டு வாசிப்பவர் பாட்டைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் எழுந்து நின்று பாடினோம். அண்ணன் மைக்கைப் பிடித்தபடி பாட்டு முடியும்வரை நின்றார். முடிந்ததும் மறுபடி பேச வாய் திறந்தார். ஆனால் மைக்கை அணைத்திருந்தார்கள். அக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அண்ணன் சர்ச்சுக்கு வரவில்லை.

அந்த டிசம்பரில் இங்கேயும் புயல், மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த அன்று காலையில் துரை அண்ணன் ஒவ்வொரு வீட்டு கேட்டாகத் தட்டினார். "சம்புத் தண்ணியக் குடிக்காதீங்க. சாக்கட எறங்கிக் கீது. மூடியத் தெறந்து காட்டுங்க, நான் பாக்கறேன்." முதல் நாள் எல்லோரும் நன்றி சொன்னார்கள். அவர் ஐந்தாம் நாளும் தட்டினார். பத்தாம் நாளும். அடுத்த தெருவுக்கும், அதற்கடுத்த தெருவுக்கும் போனார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட் ஏறிக் குதித்துத் தண்ணீர்த் தொட்டியின் பூட்டை ஸ்பானரால் உடைத்துவிட்டார். செக்யூரிட்டி பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம்.

அங்கிருந்த செக்ரட்டரி, கஸ்தூரிரங்கன் என்பவர், பெரிய மனது பண்ணிப் புகார் கொடுக்காமல் விட்டார். "பெரியவருக்குக் கொஞ்சம் டாக்டரைப் பாருங்கம்மா" என்றார்.

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார் அக்கா.

ஆட்டோவில் வரும்போது அண்ணன் அக்காவிடம், "பேஜார் பண்ணிட்டனா தனம்?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

டாக்டரிடம் காட்டி மாத்திரைகள் ஆரம்பித்தார்கள். அவற்றால் தூக்கம் வந்தது. கொஞ்சம் தெளிந்ததும் அண்ணன் செய்த முதல் காரியம், தாம்பரத்திலிருந்த சங்கத்து அலுவலகத்துக்கு நடந்தது. மறுபடி நசோம்பா போகிறேன், மேட்டில் நான் குறித்த இடத்தில் கிணறு போடுகிறேன், என் செலவில் போகிறேன், என் செலவில் போடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். நாலு தடவை எழுதிக் கொடுத்தார். அறுபத்தைந்து தாண்டியவர்களை அனுப்புவதில்லை என்று பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். கடைசியில் ஒரு வசனமும் இருந்தது.

லவ்னெஸ் மாதம் ஒருமுறை அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்புவாள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அவள் ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. அமாயி எப்படி, பாம்போ எப்படி (அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்), இங்கே மக்காச்சோளம் சுமார், தங்கச்சிக்குக் கல்யாணம் என்றுதான் இருக்கும். போன வருடம் ஜூலையில் வந்த செய்தியில், சந்தோஷமான குரலில் ஒன்று சொன்னாள். சங்கம் புதிதாக அனுப்பிய தம்பதி வந்து சேர்ந்துவிட்டார்கள். ரொம்ப நல்லவர்கள். அன்று கழற்றிச் சர்ச்சில் வைத்திருந்த பம்பு பாகங்களை எடுத்து மறுபடி பூட்டிவிட்டார்கள். இப்போது நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டாம். பாம்போவுக்கு நன்றி சொல்லுங்கள், அவர் தோண்டிய கிணறுதானே.

அண்ணன் போனைக் கையில் வாங்கி அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்குப் போனார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறுகிறார். நானும் கூடப் போனேன்.

பாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். "ஊர்க்காரங்களே எழுதிக் கேட்டாங்கண்ணா" என்றார். "கையெழுத்து போட்டு அனுப்பினாங்க. பொம்பளைங்க தெனம் எட்டு கிலோமீட்டர் நடக்கறாங்க. நாம எப்படி முடியாதுன்னு சொல்றது? குளோரின் குடுத்திருக்கோம். அந்த பிரதரும் இருக்காரு, பாத்துப்பாரு."

"நானும் அப்டித்தான் சொன்னேன் பாஸ்டர். நான்தான் இங்க கீறேனே, பாத்துக்கறேன்னு" என்றார் அண்ணன்.

பாஸ்டர் காபி கொண்டுவரச் சொன்னார். அண்ணன் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

அந்த மாதத்தோடு நான் இதழ் வேலையை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. வேறொருவர் இன்னும் நன்றாகவே நடத்துகிறார்.

அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் லவ்னெஸுக்குப் போன் செய்து, மழை வந்தால் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், ஊரில் எல்லோருக்கும் சொல் என்று சொல்கிறார். சரி அமாயி என்கிறாள் அவள். ஒரு தடவை மட்டும், விறகு கிடைப்பது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது அமாயி என்றாள். குளோரின் தீர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். அக்கா சங்கத்துக்கு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

போன சனிக்கிழமை நான் போயிருந்தபோதும் அக்கா பேசிக்கொண்டிருந்தார். அங்கே பருவமழை தொடங்கிவிட்டது, தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலில் லவ்னெஸின் குரல் சரியாகக் கேட்கவில்லை. அக்கா ஸ்பீக்கரில் போட்டு, "பாயில், பாயில்" என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த துரை அண்ணன் எழுந்து வந்தார். போனில் வரும் மழைச் சத்தம் கேட்காதபடி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.